குறோஸ் முறிந்தால் ஹான்ட் பிறேக்கும் இல்லை

இசுசு எல்ஃப், மிற்சுபிசி கன்ரர் போன்ற ஜப்பான் லொறிகளில் பெரும்பாலானவற்றின் ஹான்ட் பிறேக் பின்சில்லில் இல்லை. கியர்பொக்சுக்குப் பின்னால், சாஃப்ற் தொடங்கும் இடத்தில், ஒரு சிறிய ட்ரம்மாக அது இருக்கிறது. லீவரை இழுத்தால் ட்ரம் நிற்கும். ட்ரம்மோடு சாஃப்ற் நிற்கும். சாஃப்ற் டிபரன்சல் வழியாகப் பின்சில்லுகளைப் பிடித்து வைக்கும். இடையில் இரண்டு அல்லது மூன்று யூனிவேர்சல் ஜொயின்ற்கள் இருக்கின்றன. கராஜில் குறோஸ் என்று சொல்லும் அந்தச் சிலுவை வடிவ உருக்குத் துண்டுகளில் ஒன்று முறிந்தால் வண்டி ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே நொடியில் ஹான்ட் பிறேக் எதையும் பிடிக்காது, எக்சோஸ்ற் பிறேக்கும் உதவாது, கியரில் விட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கால் பிறேக் ஒன்றுதான் மிச்சம்.

அதுவும் மிஞ்சும் என்ற உறுதியில்லை. கியர்பொக்ஸ் பக்கக் குறோஸ் ஓட்டத்தில் முறிந்தால் சாஃப்ற்றின் முன்முனை கீழே விழும். வீதியிலுள்ள ஒரு பள்ளத்தில் அது குத்தினால் வண்டியின் பின்பக்கத்தையே எம்பித் தூக்கக்கூடும். டிபரன்சல் பக்கம் முறிந்தால் சாஃப்ற் சுழன்றபடி சேசிசின் அடியில் அடித்துக்கொண்டே இருக்கும். பிறேக் குழாய், காற்றுக் குழாய், டீசல் தாங்கி என்று கைக்கெட்டியதையெல்லாம் உடைக்கும். ஐதரோலிக் குழாய் அறுந்தால் அந்தச் சுற்றில் பிறேக் இல்லை. இப்படி நேர்ந்தால் சாரதி காலைப் பெடலிலிருந்து எடுக்கவே கூடாது. உதவியாள் இறங்கி இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, வைத்தாயிற்று என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் கால் எடுக்கலாம்.

சாதாரண லொறிக்கே இது பொருந்தும். இழுவை லொறிக்கு ஆபத்து பல மடங்கு.

இழுவை வேலைக்கென்றே தொழிற்சாலையில் கட்டப்பட்ட வண்டிகள் வன்னியில் குறைவு. ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையில் ஏ9 இல் நின்றுபோகும் லொறிகளை இழுப்பதும், மாரியில் வயலோரத்திலும் கிறவல் கிடங்கிலும் புதையும் ரிப்பர்களை வெளியே எடுப்பதும், பெக்கோவையும் காலபோக அறுவடைக்கு நெல் வெட்டும் மெசினையும் ஏற்றித் திரிவதும் பெரும்பாலும் பழைய சேசிசில் வின்சும் கிறேனும் பூட்டிய வண்டிகள்தான். வில்லுத் தகடு கூட்டியிருப்பார்கள். சேசிசை நீட்டியோ குறுக்கியோ இருப்பார்கள். சிலவற்றில் எஞ்சினும் கியர்பொக்சும்கூட வேறு வண்டியுடையவை. இத்தனையும் மாறிய பிறகும் சாஃப்ற்றில் இருக்கும் குறோஸ், அந்தச் சேசிஸ் வெறும் சாமான் லொறியாக இருந்த காலத்து அளவிலேயே இருக்கிறது.

இது ஏன் ஆபத்து என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். நடுத்தர லொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் முறுக்குவிசை 300 நியூட்டன் மீற்றர், முதலாம் கியர் 5.5 மடங்கு, டிபரன்சல் 6 மடங்கு, பின்ரயரின் ஆரை 40 சென்ரிமீற்றர். முதலாம் கியரில் எஞ்சின் சாஃப்ற்றுக்குக் கொடுக்கக்கூடியது 1650 நியூட்டன் மீற்றர். ஆனால் வெறும் லொறியில் அந்த 1650 சாஃப்ற்றில் ஏறுவதில்லை. பின் அச்சில் 2 தொன் மட்டும் இருந்தால், காய்ந்த தார் வீதியிலும் சாஃப்ற்றில் 900 ஐ ஒட்டியவுடன் ரயர் சறுக்கிச் சுழன்றுவிடும். வீட்டு மின்சாரத்துக்குப் பியூஸ் எப்படியோ அப்படித்தான் சாஃப்ற்றுக்கு இந்தச் சறுக்கல்.

இப்போது அதே லொறியின் பின்பக்கத்தில் இன்னொரு வாகனத்தின் முன்சில்லுகளைத் தூக்கி மாட்டுங்கள். பின் அச்சில் 6 தொன் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி ரயர் சறுக்க 2700 நியூட்டன் மீற்றர் வேண்டும். எஞ்சின் தருகிற 1650 முழுவதும் குறோசில் விழும். அத்துடன் முடியாது. இழுபடும் வண்டி அசையவில்லை என்று சாரதி எஞ்சினை உறுமவிட்டுக் கிளச்சைச் சடாரென்று விடுகிறார். அப்போது சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீலின் உந்தமும் சேர்ந்து வருவதால் 1650 என்ற எல்லையும் தாண்டிப்போகிறது. குறோஸ் முறியும் பல சந்தர்ப்பங்களில் வண்டி ஓடிக்கொண்டிருக்காது, புறப்பட முயன்றுகொண்டிருக்கும்.

நிற்கும்போதும் குறோசுக்கு ஓய்வில்லை. குளக்கட்டில் லொறியை நிறுத்தி, கீழே புதைந்த ரிப்பரை வின்ச் போட்டு 2 தொன் விசையில் இழுக்கிறீர்கள். கால் பிறேக் இல்லை, கட்டை இல்லை, ஹான்ட் பிறேக் மட்டும் பிடித்திருக்கிறது. மேலே சொன்ன லொறியில், ரயர் சறுக்காத அளவு பாரம் பின் அச்சில் இருந்தால், அந்த 2 தொன்னும் பின்சில்லு வழியாகத் திரும்பிச் சாஃப்ற்றில் ஏறத்தாழ 1300 நியூட்டன் மீற்றராக நிற்கும். முதலாம் கியரில் எஞ்சின் முழுவதுமாகத் தள்ளும் விசையில் ஐந்தில் நான்கு பங்கு இது. சாஃப்ற் சுழலாதபடியால் குறோசின் கப்புக்குள் இருக்கும் ஊசி றோலர்கள் அதே கோட்டிலேயே அழுந்திக்கொண்டிருக்கும். வின்ச் போடும் வண்டிக்குக் கட்டை வைப்பது ரிப்பரைக் காப்பதற்கு மட்டுமல்ல என்பதை இழுவைத் தொழிலில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சாஃப்ற் உற்பத்தியாளர்கள் ஜொயின்ற்றின் ஆயுளைக் கணிக்க வைத்திருக்கும் சூத்திரம் இன்னும் கடுமையானது. சாஃப்ற் சாய்ந்திருக்கும் கோணம் இரட்டித்தால் ஆயுள் பாதியாகும். முறுக்குவிசை இரட்டித்தால் ஆயுள் பத்தில் ஒன்றாகும். சாமான் லொறியில் பல வருடம் ஓடிய அதே அளவுக் குறோஸ் இழுவை லொறியில் சில மாதங்களில் ஆடத் தொடங்குவதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே அளவையே வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அதுவே நடக்கும்.

கழற்றிய குறோஸ் ஒன்றை டீசலில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தால் அது தன் கதையைச் சொல்லிவிடும். நான்கு கைகளும் மழமழவென்று இருக்க வேண்டும். கையின் நீளவாட்டில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் மெல்லிய இணைகோடுகள் இருந்தால், ஊசிகள் உருக்கில் அழுந்தியிருக்கின்றன: சுமை அதிகம், குறோஸ் சிறிது என்று பொருள். மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்திருந்தால் களைத்துப்போன உருக்கு, அல்லது கிறீசுக்குள் போன மண்ணும் தண்ணீரும். செம்மண் நிறத்தில் பொடி இருந்தால் அது மண்ணல்ல, துருவாகிய ஊசிகள். கையின் முனை மட்டும் நீலமோடித் தேய்ந்திருந்தால் கிறீஸ் அந்த முனைக்குப் போய்ச் சேரவில்லை. பழைய குறோசைக் குப்பையில் எறிவதற்கு முன் இந்த நான்கையும் பார்க்காதவர் புதியதை எந்த அளவில் வாங்குவது என்று தீர்மானிக்க முடியாது.

அளவு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஏமாறும் இடம் இதுதான். 1903 இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வாகனத்துக்கான யூனிவேர்சல் ஜொயின்ற்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலுள்ள வரிசை எண்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன; இந்திய உற்பத்தியாளர்களின் பட்டியல்களிலும் காணலாம். அதில் 1330 உம் 1350 உம் ஒரே நீளம்: 92 மில்லிமீற்றர். கப்பின் விட்டம் மட்டும் ஒன்றில் 27, மற்றதில் 30.2. அடுத்து, 1350 க்கும் 1410 க்கும் ஒரே கப்; நீளம் ஒன்றில் 92, மற்றதில் 106. பின்னர் 1410 உம் 1480 உம் ஒரே நீளம், கப் 30.2 ஆகவும் 35 ஆகவும் மாறுகிறது. அதற்கடுத்து 1480 க்கும் 1550 க்கும் கப் ஒன்று. நீளம் 106 உம் 126 உம். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஓர் அளவு முந்தியதோடு ஒத்துப்போகிறது. ஒரே ஓர் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், கையில் வருவது ஒரு படி சிறிய குறோசாக இருக்கலாம்.

ஒரு படிதானே என்று விடமுடியாது. குறோசின் கை வளையாமல் தாங்கும் வலு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வலு கால்பங்குக்கு மேல் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், முறிவில் பெரிய வித்தியாசம்.

ஜப்பான் வண்டிகளுக்கு வேறு முறை. ஜி.யூ.ரி. என்று தொடங்கும் இலக்கம் ரொயோட்டாவுக்கு, ஜி.யூ.ஐ.எஸ். இசுசுவுக்கு. இலக்கம் கப்பிலோ குறோசின் நடுவிலோ வெட்டப்பட்டிருக்கும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத் தொலைபேசியில் “எல்ஃப் 350 குறோஸ் ஒன்று பஸ்சில் போட்டுவிடுங்கோ அண்ணை” என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்த ஒரு பெயரில் பல வருட மொடல்களும் பல சாஃப்ற்களும் அடங்கும். எஞ்சின் மாற்றிய வண்டியென்றால் சேசிஸ் இலக்கத்தைச் சொல்லியும் பயனில்லை. வேர்னியரால் அளந்த கப்பின் வெளிவிட்டம், ஒரு கப்பின் முகத்திலிருந்து எதிர்க் கப்பின் முகம் வரையுள்ள நீளம், சேர்க்கிளிப் வெளிப்பக்கத்திலா உட்பக்கத்திலா, கிறீஸ் நிப்பிள் நடுவிலா கப்பின் முனையிலா என்று நான்கையும் சொல்ல வேண்டும். உட்பக்கக் கிளிப் என்றால் நீளத்தைக் கிளிப் தவாளிப்பிலிருந்து தவாளிப்புக்கு அளப்பது முறை.

இன்னும் ஒன்று. அளக்கும்போது கழற்றிய குறோசை மட்டும் நம்பக்கூடாது. முன்பு பூட்டியவரே பிழையானதைப் பூட்டியிருக்கலாம். சாஃப்ற்றின் நுனியில் இரண்டு காதுகளோடு நிற்கும் யோக்கின் துளையை அளப்பதே சரி. துளை நீள்வட்டமாகியிருந்தால் எந்தக் குறோசும் அதில் நிலைக்காது. யோக்கையே மாற்ற வேண்டும்.

இங்கேதான் வன்னியின் பழைய பழக்கம் குறுக்கே வருகிறது. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் வாகன உதிரிப்பாகங்கள் இந்த மண்ணுக்குள் வருவது மிக அரிது. மண்ணெண்ணெயில் லொறி ஓடியது. ஒரு பெயாரிங்கை மூன்று வண்டிகளுக்கு மாற்றி மாற்றிப் பாவித்தார்கள். 2002 ஜனவரியில் தடை தளர்ந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்ட பிறகு மறுபடியும் அதே நிலை. இல்லாததை இருப்பதால் சரிக்கட்டும் அந்தக் கைத்திறனால்தான் அன்று காயப்பட்டவர்களும் நெல் மூட்டைகளும் போய்ச் சேர்ந்தன. அந்தத் தலைமுறைத் திருத்துநர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அன்று வேறு வழியில்லாமல் செய்த வேலைகள் சில இன்றும் வழக்கமாகத் தொடர்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் பரவலாகத் திறக்கப்படும் வரை, பழைய லொறிகளையே நீட்டி நீட்டி ஓட்ட வேண்டியிருந்ததும் அந்தப் பழக்கத்துக்கு இன்னும் ஆயுள் கொடுத்தது.

தளர்ந்த யோக் துளைக்குள் சென்ரர் பஞ்சால் சுற்றிவரக் குத்தி, எழும்பிய மொட்டுகளில் கப்பை இறுக்குவது அவற்றில் ஒன்று. கப் முழு வட்டத்திலும் தாங்க வேண்டிய சுமையை அந்த மொட்டுகள் தாங்குகின்றன. இரண்டு மூன்று பாரத்தில் அவை நசுங்கிவிடும். கப் துளைக்குள் சுழலத் தொடங்கும். ரின் தகடு வெட்டிச் சுற்றி வைப்பதும் இதே கதைதான், கூடவே கப் ஒரு பக்கம் தள்ளி நிற்கும். லேத்தில் புஷ் கடைந்து பெரிய துளைக்குள் சிறிய குறோசைப் பூட்டுவது பார்வைக்கு ஒழுங்கான வேலை. அதனால்தான் அது மற்ற இரண்டையும்விட மோசமானது. பார்ப்பவருக்குப் பெரிய யோக் தெரியும். உள்ளே இருப்பது சிறிய கை. இரண்டு பக்கம் ஒரு விட்டமும் மற்ற இரண்டு பக்கம் வேறு விட்டமுமாகத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட குறோஸ்களும் கடையில் உண்டு. அவை முறையான சாமான்தான். ஆனால் அவற்றின் வலு சிறிய பக்கத்தின் வலுவே.

கப் கழன்று வராமல் இருக்க யோக்கோடு சேர்த்து வெல்டிங் பொட்டு வைப்பதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கமாட்டேன். வெல்டிங்கின் சூடு கப்பின் கடினத்தைக் கெடுக்கும். யோக்கின் காதில் வெடிப்பு தொடங்க இடம் கொடுக்கும். அடுத்த முறை கழற்றும்போது யோக்கும் போகும்.

புதுச் சாமானின் தரத்துக்கு வருவோம். நல்ல குறோஸ் கார்பன் குறைந்த கலப்புருக்கில் செய்யப்படும். பின்னர் மேற்பரப்புக்கு மட்டும் கார்பன் ஊட்டிக் கடினப்படுத்துவார்கள். மேல் தோல் றொக்வெல் சி அளவில் 60 ஐ ஒட்டி இருக்கும்; உள்ளே சற்று மெதுவாக, அடியைத் தாங்கும் தன்மையோடு இருக்கும். மலிவுச் சாமானில் இந்தத் தோல் மெல்லியதாக இருக்கும், அல்லது முழுவதும் கடினமாகிக் கண்ணாடிபோல் நொறுங்கும். முதலாவதைக் கடையிலேயே ஓரளவு சோதிக்கலாம்: கூரான அரத்தைக் கையின் ஓரத்தில் மெல்லத் தேய்த்தால் வழுக்க வேண்டும், கடித்தால் வாங்க வேண்டாம். இரண்டாவதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இழுவை லொறிக்கு, விற்றவர் யார், எங்கே செய்தது என்று பில்லில் எழுதித் தரும் கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறேன்.

ஒரு கப்பை மெதுவாகக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். வட்டம் முழுவதும் நிரம்பியிருக்க வேண்டும். ஓர் ஊசி நுழையும் அளவு இடைவெளி இருந்தால் எங்கோ ஒன்று குறைகிறது. ரப்பர் சீலின் உதடு கையைச் சுற்றி ஒட்டி நிற்க வேண்டும். கிறீஸ் நிப்பிள் இல்லாத மூடிய குறோஸ் வலுவானது என்று சொல்வார்கள். நடுவில் துளை இல்லாதபடியால் சிறிய வாகனங்களில் அது உண்மையும்கூட. ஆனால் சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் இழுவை லொறிக்கு நிப்பிள் உள்ளதையே நான் தேர்வேன், கிறீஸ் அடிக்க ஆள் இருக்கும் வரை. கிறீஸ் கன்னைக் கையில் எடுக்காத உரிமையாளருக்கு மூடியதே மேல்.

பூட்டும்போது சுத்தியலால் கப்பின் நடுவில் அடிப்பது எளிது. அந்த அடியில் ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிடும். கப் முழுவதும் உள்ளே போகாது; சேர்க்கிளிப் தவாளிப்பில் இருக்காது. இன்னொரு அடி அடித்தால் கப் வெடிக்கும். பெஞ்ச் வைஸ் அல்லது பிரஸ் வேண்டும். உள்ளே போக மறுத்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். கிளிப்புகள் வெவ்வேறு தடிப்பில் வருவது குறோஸ் நடுவில் நிற்பதற்காகத்தான். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே தடிப்பு, ஆட்டம் இல்லாத, ஆனால் கையால் மடக்கினால் மடங்கும் பொருத்தம். நடுவில் நிப்பிள் உள்ள குறோசைப் பூட்டும்போது, வண்டி முன்னோக்கி இழுக்கையில் நிப்பிள் இருக்கும் மூலை நெருக்கப்படும் பக்கமாக வரும்படி வைப்பது நல்லது. மறுபக்கம் வைத்தால் வெடிப்பு அந்தத் துளையிலிருந்தே தொடங்கும்.

சாஃப்ற்றின் முனை ஃபிளாஞ்ச் வகையானால் போல்ற்றின் தலையைப் பாருங்கள். 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். பழையதில் 10.9 இருந்தால் புதியதிலும் அதுவே வேண்டும். இரும்புக் கடையில் கிடைக்கும் பொறிப்பில்லாத போல்ற் அந்த இடத்துக்கு உரியதல்ல. இரண்டு ஃபிளாஞ்ச்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் இறுக்கம்தான் முறுக்குவிசையைக் கடத்துகிறது. மெதுவான போல்ற் நீண்டு தளர்ந்தால் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக அறுபடும்.

சேசிஸ் நீட்டிய வண்டிகளில் குறோஸ் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அடிக்கடி போகும். காரணம் கோணம். சாய்ந்திருக்கும் ஒரு ஜொயின்ற் ஒவ்வொரு சுற்றிலும் மறுபக்கத்தை இருமுறை வேகப்படுத்தி இருமுறை தாமதப்படுத்துகிறது. 3 பாகையில் அந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. 10 பாகையில் நூற்றுக்கு ஒன்றரை. 20 பாகையில் நூற்றுக்கு ஆறுக்கு மேல். மறுமுனையிலுள்ள ஜொயின்ற் அதே கோணத்தில் நின்று, இரண்டு யோக்குகளும் ஒரே தளத்தில் இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சமன்செய்துவிடும். வில்லு உயர்த்தியதாலோ சென்ரர் பெயாரிங்கை இடம் மாற்றியதாலோ கோணங்கள் வேறுபட்டால் சமன் கெடும். சாஃப்ற்றின் இரண்டு பாதியும் இணையும் ஸ்பிளைனை ஒரு பல் மாற்றிக் கோத்தாலும் கெடும். அதனால் கழற்றுவதற்கு முன் சாஃப்ற்றின் இரண்டு பாதிக்கும் ஃபிளாஞ்ச்களுக்கும் பெயின்ற்றால் நேர்கோடு போட வேண்டும். கோடு போட அரை நிமிடம் போதும். போடாவிட்டால் வரும் அதிர்வை மாதக்கணக்காகக் குறோசின் மீது பழி போட்டுத் திரிய வேண்டியிருக்கும். சாஃப்ற் ஒரே நேர்கோட்டில், கோணமே இல்லாமல் இருப்பதும் நல்லதல்ல. அரைப் பாகையாவது இருந்தால்தான் ஊசிகள் உருண்டு கிறீசை எடுத்துக்கொள்ளும்.

இழுபடும் வண்டியிலும் ஒரு சாஃப்ற் இருக்கிறது. பின்சில்லுகள் வீதியில் உருள, எஞ்சின் நின்றிருக்கும் லொறியை இழுத்தால் கியர்பொக்சின் உள்ளே எண்ணெய் வீசும் பற்சில்லுகள் சுழலா. மெயின் சாஃப்ற் மட்டும் காய்ந்தபடி சுழலும். மாங்குளத்தில் நின்ற லொறியை வவுனியாவுக்கு அப்படியே இழுத்து வந்தால் அதன் கியர்பொக்ஸ் எரிந்துபோகலாம். ஆகவே டிபரன்சல் பக்கத்தில் சாஃப்ற்றைக் கழற்ற வேண்டும், அல்லது அக்சல் சாஃப்ற்களை உருவ வேண்டும். இரண்டு முறையிலும், கியர்பொக்சுக்குப் பின்னால் ஹான்ட் பிறேக் உள்ள வண்டியில், கடைசிப் போல்ற் கழன்ற கணத்தில் பிடிப்பு எதுவும் இல்லை. கழற்றுபவர் அந்த நேரம் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். கட்டை வைக்காமல், இழுவை வண்டியோடு பிணைக்காமல் எவரும் ஸ்பானரோடு அடியில் போகக்கூடாது, வீதி மட்டமாகத் தெரிந்தாலும்.

யூ போல்ற்றால் பிடித்திருக்கும் வகையில் சாஃப்ற் இறங்கும்போது இரண்டு கப்புகள் தனியாகத் தொங்கும். அவற்றைச் சுற்றி உடனே ரேப் ஒட்டுங்கள். இரவில், வீதியோர மணலில் கப் விழுந்து ஊசிகள் சிதறினால், பொறுக்கியவற்றை மண்ணோடு திரும்பப் போட்டு ஓடுவதைவிட அந்தக் குறோசைக் கைவிடுவதே மலிவு.

கிறீஸ் பற்றிக் கொஞ்சம். புதுக் குறோசுக்குள் வரும் கிறீஸ் பெரும்பாலும் களஞ்சியத்தில் துருப்பிடிக்காமல் காப்பதற்கானது. பூட்டியவுடன், உயர் அழுத்தம் தாங்கும் இரண்டாம் இலக்க லிதியம் கிறீசை நான்கு சீல்களிலும் புதியது எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கை காய்ந்து ஓடப்போகிறது. சாஃப்ற்றை மேலும் கீழும் அசைத்து மறுபடி அடியுங்கள். அப்படியும் வராவிட்டால் கப்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தபோது நடந்ததுபோல, சாஃப்ற் மூழ்கும் தண்ணீரில் வண்டி இறங்கினால் அன்றைக்கே கிறீஸ் அடித்து உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். ஓட்டத்தில் சூடாகியிருந்த கப் தண்ணீரில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரையிலும் ஆனையிறவு உப்பளப் பக்கமும் வேலை செய்யும் வண்டிக்கு இது இன்னும் அவசரம். உப்புத் தண்ணீர் காத்திருக்காது.

முறிவதற்கு முன் குறோஸ் அறிவிப்புத் தருகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது ஒற்றைத் தட்டல். மெதுவாக ஓடும்போது குருவி கத்துவதுபோல் ஒரு கீச்சொலி, வேகம் கூடினால் மறைந்துவிடும். சீலைச் சுற்றிச் செம்பொடி. முறிகண்டியில் தேங்காய் உடைக்க எல்லோரும் நிறுத்துகிறார்கள். பாரம் இழுத்து வரும் சாரதி அந்த இடத்தில் கட்டை வைத்துவிட்டு, ஒவ்வொரு ஜொயின்ற்றுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். தொடக் கூடாது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடச் சுட்டால் அதுதான் அடுத்துப் போகப்போவது. கராஜில் வந்து, சில்லுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிறேக்கையும் விடுவித்து, ரயர் லீவரால் யோக்கை நெம்பினால் ஆட்டம் கையில் தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் எதுவாயினும் மாற்ற வேண்டியதுதான். ஒரே சாஃப்ற்றில் ஒரே பாரம் இழுத்த மற்றக் குறோசையும் சேர்த்து மாற்றுவது என் பரிந்துரை. சாஃப்ற் ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கிறது.

பூட்டிய பிறகு முதல் பாரம் இழுத்து வந்தவுடன் ஃபிளாஞ்ச் போல்ற்களை மறுபடி இறுக்கிப் பாருங்கள். கதவின் உட்பக்கத்தில் பெயின்ற்றால் நான்கு விடயங்களை எழுதிவையுங்கள்: கப்பின் விட்டம், நீளம், சாமான் இலக்கம், பூட்டிய திகதி. அடுத்த முறை புளியங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ வண்டி நின்றால், அதைத் திருத்த வருபவர் வேறொருவராக இருப்பார். அவரிடம் வேர்னியர் இல்லாமலும் இருக்கலாம்.